ட வரிசையில் ஒரு பெயர்

என் நாட்குறிப்பில் ஒரு திங்கட்கிழமையின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "கார்த்திகை, தேய்பிறை. விடியலில் தூறல், மண் நனையவில்லை. தம்பி போன் செய்தான். செவலை குட்டி போட்டிருக்கிறது. மொத்தம் ஐந்து. பொட்டையில் ஒன்று எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மதியம் சிலிண்டர் வந்தது."

நாய் குட்டி போட்டதும் சிலிண்டர் வந்ததும் ஒரே பத்தியில் இருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து நான் இப்படித்தான் எழுதி வருகிறேன். அதில் அந்தரங்கம் எதுவும் கிடையாது. மழை, மின்தடை, விருந்தாளிகள், படித்து முடித்த புத்தகம், வைகையில் தண்ணீர் வந்த நாள், அவ்வளவுதான். என் கணவர் அதற்கு 'கெஜட்' என்று பெயர் வைத்திருக்கிறார். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், "கெஜட்ட எடு" என்பார். பெரும்பாலும் அவர்தான் தோற்பார்.

அன்றைக்கு அந்த வரிகளை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு வாரக் கவலை மிச்சமாகியிருக்கும். பிறந்த நாள் தெரியாத நாய்க்கு யாரும் நட்சத்திரம் பார்க்க முடியாது.

தம்பிக்கு உசிலம்பட்டிக்குத் தெற்கே கொஞ்சம் மானாவாரி நிலமும் சில மாடுகளும் உண்டு. செவலை அவனுடைய தோட்டத்து நாய். அது குட்டி போட்டால், கடுவனைக் கேட்டு, குட்டிகள் கண் திறப்பதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். பொட்டையை யாரும் கேட்பதில்லை. வளர்ந்தால் அதுவும் குட்டி போடும், அந்தக் குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்ற பயம். நான் பொட்டைதான் வேண்டும் என்றதும் தம்பி போனிலேயே சிரித்தான்.

"நெசமாத்தான் கேக்குறியாக்கா? ஒண்ணு என்னத்துக்கு, மூணையும் கொண்டாறேன்."

பணி ஓய்வு பெற்று நான் வீட்டில் இருக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. காலை பதினோரு மணிக்கு மேல் வீட்டில் ஒரு அசைவு வேண்டும்போல் இருந்தது. காரணம் இவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரு கட்டைப்பைக்குள் பழைய துண்டை விரித்து, அதில் குட்டியை உட்காரவைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தான். எங்கள் வீடு திருமங்கலம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கார் வாங்குவோம் என்று கட்டி, கார் வாங்காமலே இருந்துவிட்ட போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் மாமியார் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாக உள்ளே ஓடும் டிவியும் தெரியும், கேட்டுக்கு வெளியே தெருவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிப்பதில் அத்தைக்குப் பல வருடப் பழக்கம். தம்பி கேட்டைத் திறக்கும்போதே பையின் வாயில் இரண்டு காதுகள் தெரிந்தன. தாயைப் போலவே உடம்பு முழுக்கச் செவலை. ஒரு இடத்தில்கூட வேறு நிறம் இல்லை.

"என்னப்பா இது, கட்டப்பையில?" என்றார் அத்தை.

"அக்கா கேட்டுச்சு அத்தை."

"அக்கா கேட்டாக் குடுத்துருவியா? யானக்குட்டி கேட்டா?"

"யானக்குட்டி பைக்குள்ள நிக்காதுல்ல அத்தை."

அத்தை அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாய் என்றால் தோட்டத்தில் கிடக்க வேண்டியது என்பது அவர் எண்ணம். ஆனால் முழுதாக மறுக்கவும் இல்லை. குட்டி போர்ட்டிகோவில் ஒரு சுற்று சுற்றி, துளசித் தொட்டியை முகர்ந்து, தும்மியது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார்.

"தண்ணி வையி, சோறு வையி. பேரு மட்டும் இப்ப வச்சிறாதீங்க. பேரு சொல்லிக் கூப்புட்டா வீட்டு ஆளாயிரும். வீட்டு ஆளுன்னா நட்சத்திரம் பாக்கணும். நமக்கு ஆகுறதா இருந்தா எழுத்துப் பாத்து, அர்த்தமுள்ள பேராப் பாத்து வைங்க. டாமி ஜிம்மின்னு எங்கிட்ட வராதீங்க. ஆகலையா, தம்பியே கொண்டு போகட்டும்."

தம்பி தலையாட்டினான். "ஞாயித்துக்கிழமை புண்ணாக்கு வாங்க இங்கிட்டுத்தான் வாரேன். வேணாம்னா எடுத்துக்கிறேன் அத்தை. சூளக்காரரு ஒருத்தரு காவலுக்கு வேணும்னு சொல்லி வச்சிருக்காரு."

செங்கல் சூளையில் காவலுக்குக் கட்டிய நாய்களை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நிழல் இல்லாத இடத்தில், சங்கிலியின் நீளத்துக்கு ஒரு வட்டம் தேய்ந்திருக்கும். மேலெல்லாம் செம்புழுதி படிந்து, நாயின் நிறம் எதுவென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நல்ல நட்சத்திரமும் நல்ல பெயரும் கிடைக்காவிட்டால், தும்மிவிட்டு என் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்த இந்தக் குட்டி அங்கே போகும்.

தம்பி போனதும் நாட்குறிப்பையும் பழைய பஞ்சாங்கத்தையும் எடுத்தேன். பழைய பஞ்சாங்கங்களை நான் எறிவதில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு நேரே பார்த்தேன். காலை ஆறே முக்கால் வரை ஆயில்யம். அதற்குப் பிறகு மகம்.

பெண்ணுக்கு ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். மகம் என்றால் அதற்கு நேர் எதிர். அந்த நட்சத்திரத்தில் பிறந்த பெண் வீட்டையே ஆளுவாள் என்பார்கள். இடையில் இருப்பது கடிகார முள்ளின் ஒரு அசைவு. எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், படித்த புத்தகங்கள் எல்லாம் இல்லை என்றே சொல்லும். ஆனால் என் நட்சத்திரமும் ஆயில்யம். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் காப்பி ஆறும்வரை அதைப் பற்றித்தான் பேசினார்கள். கல்யாணம் ஆன புதிதில் அத்தைக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் காதில் விழும்படியே, "மருமக நட்சத்திரம் அப்படி" என்றார். அத்தை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நினைத்திருக்கிறாரா என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"எத்தன மணிக்குடா குட்டி போட்டுச்சு?"

"எந்தக் குட்டி?"

"எங்க வீட்டுக்குட்டிதான்டா."

"மொத பஸ்ஸு வரைக்குள்ள எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன்க்கா, நாலு கெடந்துச்சு. பால ஊத்திட்டுத் திரும்பி வந்து பாத்தா அஞ்சாயிருச்சு."

அவன் ஊருக்கு முதல் பஸ் ஆறரைக்கு வரும். பாலை ஊற்றிவிட்டு அவன் திரும்பும்போது ஏழு மணிக்கு மேல் ஆகியிருக்கும். அப்படியானால் நான்கு குட்டிகள் ஆயில்யம். ஐந்தாவது எப்போது பிறந்தது என்று தெரியாது, மகமாக இருக்கலாம்.

"எங்களது நாலுல ஒண்ணா, அஞ்சாவதா?"

"அம்புட்டும் செவலக்கா. நான் என்ன முதுகுல நம்பரா போட்டு வச்சேன்?"

கடையை மூடிவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். திருமங்கலத்தில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறார்; எதையும் சுருக்கமாக முடிக்கத் தெரிந்தவர்.

"அம்மாட்ட மகம்னு சொல்லிரு. முடிஞ்சுபோச்சு."

"அஞ்சுல நாலு பங்கு ஆயில்யமாத்தான் இருக்கும்."

"அஞ்சுல ஒரு பங்கு மகம்ல? பொய்யில்லையே."

அவர் சொன்னதில் கணக்குப்படி தவறில்லை. ஆனால் என்னால் முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று: நல்ல நட்சத்திரம் என்று பொய் சொல்லித்தான் இந்தக் குட்டியை உள்ளே விட வேண்டும் என்றால், அதே நட்சத்திரத்தோடு உள்ளே வந்த நான் யார் என்ற எரிச்சல். தவிர, மகத்துக்கு உரிய ம, மி, மு, மே என்ற எழுத்துகளிலும் சிக்கல் இருந்தது. நாங்கள் யோசித்த ஒவ்வொரு பெயருக்கும் தெருவில் ஒரு பெண் இருந்தார். கேட்டில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி அதட்டினால் நாய்க்கு முன்னால் அவர் வந்து நிற்பார். மி என்ற எழுத்தை மதுரையில் வைத்துக்கொண்டு யாருடைய பெயரை நினைக்கத் தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. அதை நாய்க்கு வைக்க இந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது.

ஆகவே முதலில் ஆயில்யத்தின் எழுத்தில் ஒரு நல்ல பெயரைக் கண்டுபிடிப்பது, நட்சத்திரத்தையும் பெயரையும் சேர்த்து அத்தையிடம் சொல்வது என்று முடிவு செய்தேன். பெயர் நன்றாக இருந்தால் நட்சத்திரம் கொஞ்சம் அடங்கிப்போகும் என்று ஒரு நப்பாசை.

ஆயில்யத்துக்கு எழுத்து டி, டு, டே, டோ.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே சிரிப்பு வந்துவிடும். ட என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்த இலக்கணம். எனக்கு இட்ட பெயரும் ட வரிசையில் இல்லை. எழுத்துப் பார்க்காமலேதான் வைத்திருக்கிறார்கள். ஆயில்யத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மற்றவர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. கணவர் போனில் தேடினார். டினா, டிம்பிள், டெய்சி என்று வரிசையாக வாசித்தார்.

"அர்த்தம் கேப்பாங்க" என்றேன்.

"டெய்சின்னா பூவுதானே."

"எந்த ஊருப் பூன்னு கேப்பாங்க."

அவர் போனை வைத்துவிட்டு யோசித்தார். "டி போதும்னா, அம்மா ஏற்கெனவே அந்த எழுத்துலதான் கூப்புடுது. வாடி, போடி. டி கடைசியில வரக்கூடாதுன்னு பஞ்சாங்கத்துல இருக்கா?"

பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ட பகுதியை முழுவதும் படித்தேன். படிக்க அதிக நேரம் ஆகவில்லை. டமாரம், டம்பம், டவாலி, டாம்பீகம் என்று எல்லாமே சத்தமும் பகட்டுமாக இருந்தன. எங்களுக்கு வேண்டிய நான்கு எழுத்துகளுக்கு வந்தால் டிமிக்கி, டேக்கா, டேரா, டோலி. டிமிக்கி என்று வைத்தால் கூப்பிட்டால் வராது என்றார் கணவர். டேக்காவும் அதே ரகம். டேரா என்றால் கூடாரம். ஒரு பெண் குட்டியைக் கூடாரம் என்று எப்படிக் கூப்பிடுவது என்று விரலை நகர்த்திவிட்டேன். மிஞ்சியது டோலி. பொம்மை மாதிரியும் ஒலிக்கிறது, பல்லக்கு என்று அர்த்தமும் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் டிவியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கத்தைக் காட்டி, தம்பி சொன்னதைச் சொல்லி, பெரும்பாலும் ஆயில்யமாகத்தான் இருக்கும் என்றேன். மூச்சு விடாமல் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

"டோலின்னா?"

"பல்லக்கு அத்தை. ஆளத் தூக்கிட்டுப் போறது."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாலு பேரு தோள் குடுத்துத் தூக்கிட்டுப் போறதா? நல்ல பேரு பாத்த போ."

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மாமியாருக்கு ஆகாத நட்சத்திரத்தோடு இந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறேன்.

"அப்ப, ஆயில்யம்ங்குற" என்றார் அத்தை. பிறகு ரிமோட்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டி டிவியின் சத்தத்தைக் கூட்டினார். முடிந்தது என்று எழுந்துவிட்டேன். அன்றைய குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "நாளை தம்பி வருகிறான்."

மறுநாள் காலையில் அதே கட்டைப்பையோடு வந்தான். துண்டைக்கூட மாற்றவில்லை.

"என்னக்கா, என்ன முடிவு?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தெருவில் போன தயிர்க்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. வந்த இரண்டாவது நாளிலிருந்தே அதுதான் அதன் இடம். "போடி அங்கிட்டு" என்று அத்தை சொல்வார்; ஆனால் காலை நகர்த்திக்கொள்ள மாட்டார்.

தம்பி பையைத் தரையில் விரித்து வைத்து உச்சுக்கொட்டினான். குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கையை நீட்டினான். அது பின்னால் நகர்ந்து, அத்தையின் கணுக்காலுக்குப் பின்னால் உடம்பை ஒடுக்கி, அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது.

அத்தை குனிந்து பார்த்தார். "இவளப் பாரேன். வந்து ஒரு வாரம் ஆகல, எங் காலடியிலயே டேரா போட்டுட்டா."

எனக்குப் பிடரியில் யாரோ தட்டியதுபோல் இருந்தது.

"அத்தை, இப்ப என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்?"

"என்னமோ போட்டுட்டான்னு சொன்னீங்களே."

"டேரா போட்டுட்டான்னேன். அதுக்கு என்ன இப்ப?"

உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவர் வெளியே ஓடிவந்தார். "டே! டே வருதும்மா, டே!"

"யாரப் பாத்துடா டேங்குற, பெத்தவள?"

தம்பி பையின் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நான் உள்ளே போய் அகராதியைக் கொண்டுவந்து, எழுத்து டே, பொருள் கூடாரம், தங்குமிடம் என்று விரல் வைத்துக் காட்டினேன். வந்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்ட ஆள் என்று கொள்ளலாம். அகராதியில் வெறுமனே கிடந்தபோது எனக்குப் பெயராகத் தோன்றாத சொல், அத்தையின் வாயிலிருந்து வந்ததும் குட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"டேரா" என்று அத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். குட்டி தாடையை எடுக்காமல் வாலை மட்டும் ஆட்டியது. "வாய்க்குள்ள நுழையுது. அர்த்தமும் பொருந்தித்தான் கெடக்கு."

"நட்சத்திரம் அத்தை?" என்றேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்காமல் வைத்துக்கொண்டால் அந்தப் பெயர் எனக்குச் சரியாக இருந்திருக்காது.

"ஆயில்யந்தானே? ஒரு ஆயில்யத்த முப்பது வருசமா வச்சுச் சமாளிக்கல? இன்னொண்ணு வந்தா என்ன, என்னய முழுங்கிருமா?"

தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் முப்பது வருடமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப உங்களுக்குப் பயமா இல்லையா அத்தை?"

"ஒங்க மாமாதான் பயந்தாரு. நட்சத்திரத்த அவருதான் பிடிச்சுத் தொங்குனாரு. நான் ஓங் கண்ணாடியப் பாத்துத்தான் பயந்தேன். இம்புட்டுத் தண்டிக் கண்ணாடி! அடுப்படியில உப்பு எது, சீனி எதுன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியுமான்னு இருந்துச்சு."

"இப்பயும் தெரியாது அத்தை" என்றான் தம்பி.

கட்டைப்பையில் புண்ணாக்குக் கடைக்குப் போகும் வழியில் தின்ன முறுக்கு போட்டு அனுப்பினேன். சூளைக்காரரிடம் பொட்டை இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மற்ற இரண்டும் தாயோடு தோட்டத்திலேயே வளரட்டும் என்று அவனுக்கே தோன்றிவிட்டது போலிருக்கிறது.

சனிக்கிழமை ஏன் பேசாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார் என்று பிறகு ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். "நாடகத்துல அந்தப் பொண்ணு வெசத்தக் கையில எடுத்துட்டா, நீ பஞ்சாங்கம் வாசிச்சுக்கிட்டிருந்த" என்றார். நான்தான் அந்த ராத்திரி முழுக்க வேறு அர்த்தம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டேரா இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். குட்டி போடாமலிருக்க ஆபரேஷனும் செய்தாயிற்று. தடுப்பூசி அட்டையில் பெயரை எழுதிய கம்பவுண்டர், "சாராவா, தாராவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ட போட்டார். காலையில் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பினால் கேட்வரை போய்த் திரும்பி வருவாள். பகலில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் இடம் போதாமல் பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அத்தை அவளை "டேரா, வாடி" என்று கூப்பிடுகிறார். எழுத்து முன்னாலும் வந்துவிட்டது, பின்னாலும் வந்துவிட்டது என்று கணவர் திருப்திப்பட்டுக்கொள்கிறார். அத்தைக்கு ஆனது ஒன்றுதான்: முழங்கால் வலிக்கு டாக்டர் சொல்லியும் நடக்காதவர், டேராவைக் காரணம் காட்டி தெருமுனைவரை நடக்கிறார்.

அந்தச் சொல் வடக்கிலிருந்து வந்தது என்று அகராதி குறிக்கிறது. இந்தப் பக்கத்துப் பேச்சில் எப்படி இறங்கியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். படைகள் கூடாரம் அடித்துத் தங்கிய காலத்தில் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கார்த்திகைத் திங்கட்கிழமைக் குறிப்பின் ஓரத்தில் பின்னால் ஒரு வரி சேர்த்தேன்: "பிறந்த நேரம் உறுதியில்லை." தம்பியிடம் அதற்குப் பிறகு வந்த இரண்டு பொங்கலுக்கும் கேட்டுப் பார்த்தாயிற்று. அவன் பதில் மாறவில்லை. முதல் பஸ் வந்தபோது செவலையின் பக்கத்தில் கிடந்த நான்கில் டேராவும் ஒன்றா, அல்லது அவன் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் வந்த ஐந்தாவது குட்டியா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.